இரண்டு பதினேழுகளும் நான் பாதி சொல்லிக் கொடுத்த பாடமும்



போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் ஒரு போன். மேல்நிலை வகுப்பில் என்னிடம் கணினி அறிவியல் படித்தவன், இப்போது மென்பொருள் வேலையில் இருக்கிறான். "சார், ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுல உங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு" என்றான். தூக்கம் போய்விட்டது.

விஷயம் இதுதான். ஒரு பயிற்சி நிறுவனத்தின் பழைய டேட்டாபேஸ். அதற்குப் புதிதாக வலைப்பக்கம் செய்துகொடுக்கும் வேலை இவன் குழுவுக்கு வந்திருக்கிறது. உள்ளே ஏகப்பட்ட அட்டவணைகள். ஒவ்வொன்றுக்கும் கையால் நிரல் எழுத நேரமில்லை. இருக்கிற டேட்டாபேஸைப் படித்துப் பார்த்து, அதற்குப் பொருத்தமான 'மாடல்'களைத் தானே எழுதித் தருகிற கருவி ஒன்று உண்டு. அதை ஓட்டினார்கள். டீ ஆறுவதற்குள் எல்லா மாடல்களும் வந்துவிட்டன. எல்லாருக்கும் சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து அந்த நிறுவனத்து எழுத்தர் ஒருவர், ஒரு மாணவியின் 2019ஆம் ஆண்டு மதிப்பெண் தவறாக ஏறியிருக்கிறது என்று அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார். அழிந்தது ஒரு வரி இல்லை. அந்தப் பெண்ணின் நான்கு ஆண்டு மதிப்பெண்களும் போய்விட்டன. முந்தைய இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தார்கள். அன்று பகலில் ஏற்றிய பதிவுகளை மட்டும் மறுபடி கையால் ஏற்றினார்களாம்.

"நீங்கதானே சார் போர்டுல எழுதிப் போட்டீங்க, பிரைமரி கீன்னா திரும்ப வராத ஒரு காலம்னு. அந்த டூலும் அப்படித்தான் நினைச்சிருக்கு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரணில் இருந்த பழைய பாடக்குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'ஒரு பத்தி'. பையன் சொன்னது சரி.

இந்தப் பதிவு அவனுக்கு நான் சொல்லவேண்டிய பதில். கணினிப் பக்கம் போகாத அத்தைமார்களும் மதினிமார்களும் பாதியில் எழுந்து போய்விட வேண்டாம். நம் வீட்டு விஷயமாகவே ஆரம்பிக்கிறேன்.

ஒரு பதிவேட்டில் ஒரு வரியைச் சந்தேகமில்லாமல் சுட்டிக்காட்ட எது தேவையோ, அதுதான் பிரைமரி கீ. பாடநூல் தமிழில் முதன்மைத் திறவுகோல். உங்கள் நிலத்துப் பட்டாவை எடுங்கள். சர்வே எண் 124 என்று மட்டும் சொன்னால் எந்த நிலம்? ஊருக்கு ஒரு 124 இருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் சேர்ந்தால்தான் அது உங்கள் நிலம். இதில் எந்த ஒன்றையும் தனியாகப் பிடித்துக்கொண்டு பத்திரம் எழுத முடியாது. இப்படிப் பல பத்திகள் சேர்ந்து ஒரு திறவுகோல் ஆனால் அது காம்போசிட் கீ. கூட்டுத் திறவுகோல் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் கே. முருகன், எஸ். முருகன் என்று அப்பா பெயரின் எழுத்தையும் சேர்த்துக் கூப்பிடுகிறோமே, அதுவும் இதே வேலைதான்.

இது எனக்குப் பாடமாகத் தெரிவதற்கு முன்பே பட்டுத் தெரிந்திருக்க வேண்டியது. 1991இல் ஒன்பதாம் வகுப்பு இரண்டு பிரிவுகளுக்கும் நான்தான் கணக்கு. அரையாண்டுத் தாள்களைத் திருத்திவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் வரிசை எண்ணையும் மதிப்பெண்ணையும் மட்டும் குறித்து வைத்திருந்தேன். பிரிவை எழுதவில்லை. அ பிரிவுப் பதினேழு 84 வாங்கியவன். ஆ பிரிவுப் பதினேழு 31. பதிவேட்டில் ஏற்றும்போது இடம் மாறிவிட்டது. 84 வாங்கிய பையனின் முன்னேற்ற அட்டையில் 31 என்று சிவப்பு மையில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச்சொல்லி அனுப்பினேன். நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா வந்து, "கட்டுல ஒரு தடவ பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் இப்போது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் ஒருவன். பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும். இன்னொரு பதினேழு, இரண்டு வாரம் 84 வாங்கியவனாகச் சுற்றினவன், அவனும் இங்கேதான் இருக்கிறான்.

இவ்வளவு பட்டும், பின்னாளில் கணினி வகுப்பில் 'ஒரு பத்தி' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

இனி வரலாறு. 1970 ஜூன் மாதம், அமெரிக்கக் கணினிச் சங்கமான ஏ.சி.எம்.மின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் எட்கர் காட், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லாண்டில் 1923இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு அமெரிக்கா போய் ஐ.பி.எம்.மில் சேர்ந்தவர். இன்று வங்கி, ரயில்வே, ரேஷன் கடை என்று எங்கே பார்த்தாலும் ஓடுகிற அட்டவணை வடிவ டேட்டாபேஸுக்கு வித்து அந்தக் கட்டுரைதான். 1981இல் அவருக்குக் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

அதற்கு முன் தகவல்களை மரம்போல் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பல்லோ விண்கலத் திட்டத்துக்காக ஐ.பி.எம். செய்த ஐ.எம்.எஸ். என்ற அமைப்பில் மேலே தாய்ப் பதிவு, கீழே பிள்ளைப் பதிவு, அதற்குக் கீழே பேரப்பிள்ளை. கீழே உள்ள ஒன்றை அடைய மேலிருந்து வழி பிடித்து இறங்கவேண்டும். அந்த வழியில் வரும் திறவுகோல்களையெல்லாம் கோத்து ஒரே திறவுகோலாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போதே இருந்தது. ஆக, கூட்டுத் திறவுகோல் காட் கண்டுபிடித்ததுகூட இல்லை. அவருக்கும் முந்தியது.

காட் செய்தது மரத்தை வெட்டிச் சமமான அட்டவணைகளாக்கியது. அதற்கு அவர் கொடுத்த உதாரணத்தை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகப் படித்தேன். படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஒரு ஊழியர். அவருக்கு ஓர் எண். அவர் பார்த்த வேலைகளின் வரலாறு ஒரு கிளை. ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே சம்பள வரலாறு. இன்னொரு கிளையில் அவருடைய குழந்தைகள். இதை நான்கு அட்டவணைகளாகப் பிரிக்கிறார். ஊழியர் அட்டவணைக்குத் திறவுகோல் ஊழியர் எண். வேலை வரலாற்றுக்கு ஊழியர் எண்ணும் வேலையில் சேர்ந்த தேதியும். சம்பள வரலாற்றுக்கு ஊழியர் எண், வேலைத் தேதி, சம்பளத் தேதி மூன்றும். குழந்தைகளுக்கு ஊழியர் எண்ணும் குழந்தையின் பெயரும்.

எண்ணிப் பாருங்கள். நான்கில் மூன்று கூட்டுத் திறவுகோல். பிரைமரி கீ என்பதை அவர் விளக்கிய இடத்திலும் ஒரு பத்தி அல்லது பத்திகளின் சேர்க்கை என்ற பொருளில்தான் சொல்கிறார். சேர்க்கை என்பது பின்னால் யாரோ ஒட்டவைத்த விதிவிலக்கு இல்லை. விளக்கத்தின் பாதியே அதுதான். நான் கரும்பலகையில் அந்தப் பாதியை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

1976இல் பீட்டர் சென் என்பவர், படம் வரைந்து டேட்டாபேஸை வடிவமைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிளஸ் டூவில் கட்டமும் சாய்சதுரமும் வரைந்தீர்களே, அவருடையதுதான். அவரும் ஊழியரைச் சார்ந்திருக்கும் குடும்பத்தினரைத்தான் உதாரணமாக எடுத்தார். ஊழியர் இல்லாமல் தனி அடையாளம் இல்லாத அந்த வகைக்கு 'வீக் என்டிட்டி' என்று பெயர் வைத்து, இரட்டைக் கோட்டுக் கட்டம் போட்டார். எஸ்.கியூ.எல். மொழியின் 1986ஆம் ஆண்டுத் தரநிலையில் பிரைமரி கீ என்று அறிவிக்கும் வசதியே கிடையாது, 1989இல்தான் வந்தது. வந்தபோது அடைப்புக்குறிக்குள் எத்தனை பத்தியை வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். உலகத்தில் இருக்கிற விவரங்களையே திறவுகோலாக வைத்தால் ஒரு தொல்லை உண்டு. குழந்தையின் பெயரை மாற்றினால் திறவுகோலும் மாறும், அதைச் சுட்டுகிற இடமெல்லாம் மாற்றவேண்டும். அதனால் காட்டே 1979இல் எழுதிய கட்டுரையில், கணினி தானே கொடுக்கும் பொருளற்ற ஓர் அடையாளத்தைப் பற்றிப் பேசினார். சரோகேட் என்பது அதற்குப் பெயர். பதிலி என்று சொல்லலாம். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எமிஸ் எண் கொடுக்கிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. பள்ளி மாறினாலும் பிரிவு மாறினாலும் அந்த எண் கூடவே போகும். 1991இல் அது இருந்திருந்தால் இரண்டு பதினேழுகளும் குழம்பியிருக்க மாட்டார்கள். நானும் துண்டுச் சீட்டில் அந்த எண்ணை முழுசாக எழுதியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

ஆக இரண்டு வழிகளும் நல்ல வழிகள்தான். இதுவரை சண்டை இல்லை. சண்டை வந்தது வேறு திசையிலிருந்து.

தொண்ணூறுகளில் நிரல் எழுதும் முறை மாறியது. எல்லாவற்றையும் 'ஆப்ஜெக்ட்' என்று பார்க்கிற மொழிகள் வந்தன. டேட்டாபேஸில் இருப்பது வரி. நிரலில் இருப்பது ஆப்ஜெக்ட். ஒன்றை இன்னொன்றாக்க நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2001இல் ஆஸ்திரேலியரான காவின் கிங் ஜாவா மொழிக்கு ஹைபர்நேட் என்ற மொழிபெயர்ப்பாளரைத் தொடங்கினார். அது கூட்டுத் திறவுகோலை ஏற்றுக்கொண்டது, ஆனால் கூலி கேட்டது. திறவுகோலுக்கென்றே தனியாக ஒரு கிளாஸ் எழுதவேண்டும், இரண்டு திறவுகோல் ஒன்றா வேறா என்று ஒப்பிடும் நிரலும் அதற்குள் வேண்டும். பழைய டேட்டாபேஸிலிருந்து மாடல் எழுதும் அதன் கருவி, மதிப்பெண் அட்டவணைக்கு மதிப்பெண் என்று ஒரு கிளாஸும், மதிப்பெண் ஐ.டி. என்று இன்னொன்றும் சேர்த்தே எழுதித் தரும். பார்க்க அழகில்லைதான். ஆனால் பொய் இல்லை.

2004இல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் ரூபி ஆன் ரெயில்ஸை வெளியிட்டார். பேஸ்கேம்ப் என்ற தங்கள் மென்பொருளைச் செய்யும்போது எழுதியதிலிருந்து பிரித்தெடுத்தது. அதன் கொள்கை எளிமை: வழக்கப்படி நடந்தால் ஒன்றையும் தனியாக அறிவிக்க வேண்டாம். ஒவ்வொரு அட்டவணையிலும் ஐ.டி. என்று ஒரே ஒரு பத்தி, தானாக ஏறும் எண், அதுதான் திறவுகோல். புதிதாக வீடு கட்டுபவனுக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை. வலை முகவரியில் ஒரு எண் போதும். ஓர் அட்டவணை இன்னொன்றைச் சுட்ட ஒரு பத்தி போதும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய வீட்டை வாங்கிக் குடியேறுபவன் என்ன செய்வான்? பல ஆண்டுகள் அந்த வழக்கம் தெரியாதவர்கள் கட்டிய வீடு. 2006லேயே நிக் வில்லியம்ஸ் என்பவர் ரெயில்ஸுக்குக் கூட்டுத் திறவுகோலைச் சேர்க்கும் துணைப்பொதி ஒன்றை எழுதினார் என்றால், தேவை எவ்வளவு சீக்கிரம் வந்தது பாருங்கள். அதிகாரபூர்வமான ரெயில்ஸோ பின்னாளில், இந்த அட்டவணைக்குக் கூட்டுத் திறவுகோல் இருக்கிறது, அதைக் கண்டுகொள்ளவில்லை என்று எச்சரிக்கை ஒன்றைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டது.

நம் பையன் பயன்படுத்தியது பைத்தான் மொழியின் ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. 2005 ஜூலையில் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். அந்த 2005லேயே, பல பத்திகளால் ஆன பிரைமரி கீ வேண்டும் என்று ஒரு கோரிக்கை பதிவானது. அதன் வரிசை எண் 373. இந்த எண்ணை மறக்காதீர்கள், திரும்ப வரும்.

ஜாங்கோவில் பழைய டேட்டாபேஸைப் படித்து மாடல் எழுதும் கட்டளைக்கு இன்ஸ்பெக்ட்டிபி என்று பெயர். இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு நடக்கும் இடம் இதுதான். ஒவ்வொரு டேட்டாபேஸும் தன்னைப் பற்றியே ஒரு பதிவேடு வைத்திருக்கும். என்னென்ன அட்டவணை, என்னென்ன பத்தி, எது திறவுகோல், அதில் எந்தப் பத்தி முதலாவது, எது இரண்டாவது என்று. திறவுகோலில் பத்திகள் வரும் வரிசையும் அட்டவணையில் அவை நிற்கும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல கருவி இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்கும். ஆகவே, தகவல் கிடைக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. டேட்டாபேஸ் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறது. அதை எழுதிவைக்க ஜாங்கோவின் மாடலில்தான் இடம் இல்லை. ஒரு மாடலுக்கு ஒரு பத்திதான் திறவுகோல் என்பது அங்கே சட்டம்.

அதனால் இன்ஸ்பெக்ட்டிபி என்ன செய்தது? முதல் பத்தியை எடுத்துக்கொண்டது.

பையனை அந்தக் கோப்பை அனுப்பச் சொன்னேன். மதிப்பெண் அட்டவணையில் திறவுகோல் மாணவர் எண்ணும் ஆண்டும் சேர்ந்தது. கருவி எழுதிய மாடலில் மாணவர் எண் மட்டும் திறவுகோல். அதோடு விடவில்லை. மாணவர் எண் வேறொரு அட்டவணையைச் சுட்டும் பத்தி. சுட்டும் பத்தியே திறவுகோலாகவும் இருந்தால் ஒருவருக்கு ஒரு வரிதானே இருக்கமுடியும் என்று கணக்குப் போட்டு, 'ஒன் டு ஒன்' உறவு என்று எழுதியிருக்கிறது. ஒரு மாணவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு மதிப்பெண் வரி! தவறான அடியெடுப்பிலிருந்து தர்க்கம் பிசகாமல் போட்ட இரண்டாம் அடி. கணக்குத் தாளில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன். முதல் வரியில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும், அப்புறம் இரண்டு பக்கம் சுத்தமாகப் போட்டிருப்பான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாடலின் அடியில் மாணவர் எண்ணும் ஆண்டும் சேர்ந்துதான் தனித்துவம் என்ற வரியையும் கருவியே எழுதியிருக்கிறது. மேலே பொய், கீழே உண்மை. இன்னும் ஒன்று. திறவுகோல் வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்பும் இருந்தது. கூட்டுத் திறவுகோல் கண்டேன், அதற்கு ஆதரவில்லை, முதல் பத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று. "இதைப் படிக்கலையாடா?" என்றேன். "அத்தனை மாடல் சார்..." என்று இழுத்தான்.

சரி, இதனால் நடப்பது என்ன? ஒரு மாணவியின் வரி ஒன்றை எடுத்து 'அழி' என்றால், மாணவர் எண் இன்னதாக உள்ளதை அழி என்று ஜாங்கோ டேட்டாபேஸுக்குச் சொல்லும். ஆண்டு என்ற பேச்சே இராது. நான்கு வரியும் போகும். அதுதான் நடந்தது. திருத்திச் சேமித்தால்? எல்லாப் பத்திகளையும் சேமிக்கச் சொன்னால், நான்கு வரியிலும் ஆண்டு 2019 என்று எழுதப் பார்க்கும். இரட்டை வருகிறதே என்று டேட்டாபேஸ் தடுத்துவிடும். பழைய டேட்டாபேஸ் கட்டியவர் வைத்த பூட்டு அங்கே காப்பாற்றுகிறது. ஆனால் மதிப்பெண் பத்தியை மட்டும் சேமி என்று சொன்னால் பூட்டுக்கு வேலையே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கும் ஒரே மதிப்பெண் சத்தமில்லாமல் விழும். அழிந்ததையாவது கண்டுபிடித்துவிடலாம். இதை யார் எப்போது கண்டுபிடிப்பது? அந்த அம்மா போல யாராவது வந்து கட்டைப் பார்க்கச் சொன்னால்தான்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தார்களாம். சோதனைக்குப் போட்ட மாணவர்கள் எல்லாருக்கும் ஓர் ஆண்டு மதிப்பெண்தான் இருந்ததாம். ஒருவருக்கு ஒரு வரி இருக்கும்வரை பாதித் திறவுகோலும் முழுத் திறவுகோல் போலவே திறக்கும். ஒரே பிரிவுள்ள பள்ளியில் வரிசை எண் போதுமே, அதுபோல.

இது செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. அதே பைத்தானில் மைக் பேயர் 2006இல் வெளியிட்ட எஸ்.கியூ.எல்.ஆல்கெமி, திறவுகோல் என்றால் ஒன்றோ பலவோ என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டது. ஒரு வரி வேண்டுமா, இரண்டு மதிப்பையும் சேர்த்துக் கொடு, அவ்வளவுதான். பின்னால் வந்த பிரிஸ்மா போன்ற கருவிகளும் பழைய டேட்டாபேஸிலிருந்து மாடல் எழுதும்போது பத்திகளைச் சேர்த்தே எழுதுகின்றன. மைக்ரோசாப்டின் என்டிட்டி ஃப்ரேம்வொர்க்கும் அப்படியே. ஜாங்கோவுக்கு ஏன் இவ்வளவு கடினம் என்றால், 'ஒரு பத்தி' என்ற அந்த ஒரு நினைப்பின்மேல் மற்ற எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். நிர்வாகப் பக்கம், அட்டவணைகளுக்கு இடையே உறவு, படிவம், வலை முகவரி எல்லாமே திறவுகோல் ஒரு மதிப்பு என்று எதிர்பார்த்து நின்றன. அடித்தளத்தில் ஒரு கல்லை மாற்ற மேலே இருக்கிற சுவரையெல்லாம் முட்டுக் கொடுத்துப் பிடிக்கவேண்டும்.

ரெயில்ஸ் முந்திக்கொண்டது. 2023 அக்டோபரில் வந்த 7.1 பதிப்பில் கூட்டுத் திறவுகோல் அதிகாரபூர்வமாக வந்தது. அதை வேண்டியவர்களில் முக்கியமானவர்கள் பழைய வீட்டுக்காரர்கள் இல்லை, பெரிய வீட்டுக்காரர்கள். இணையக் கடைகளை நடத்தித் தரும் ஷாப்பிஃபை போன்ற நிறுவனங்கள். மைஎஸ்.கியூ.எல். டேட்டாபேஸ் வட்டில் வரிகளைத் திறவுகோல் வரிசைப்படிதான் அடுக்கும். கடை எண்ணும் ஆர்டர் எண்ணும் சேர்ந்த திறவுகோல் வைத்தால், ஒரு கடையின் ஆர்டர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், தேடுவது வேகமாகும். அதாவது 1970இல் அடையாளத்துக்காகச் சொன்னது, அரை நூற்றாண்டு கழித்து வேகத்துக்காகத் திரும்பி வந்தது. எளிமைக்காகத் தூக்கி வைத்ததை வியாபாரம் பெரிதானதும் எடுத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

ஜாங்கோவின் 373? 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பில் நிறைவேறியது. கிட்டத்தட்ட இருபது ஆண்டு. அந்தக் கோரிக்கை பதிவான ஆண்டில் பிறந்த பிள்ளை கல்லூரிக்கே போயிருக்கும். இப்போது இன்ஸ்பெக்ட்டிபியும் முதல் பத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கூட்டுத் திறவுகோலைக் கண்டால் எல்லாப் பத்திகளையும் போட்டு ஒரே வரியில் எழுதுகிறது. ஆனால் வேலை முழுதாக முடியவில்லை. 5.2இல் கூட்டுத் திறவுகோல் உள்ள மாடலை இன்னொரு மாடல் வழக்கமான முறையில் சுட்டமுடியாது, நிர்வாகப் பக்கத்தில் அதைச் சேர்க்கவும் முடியாது. காட்டின் சம்பள வரலாறு வேலை வரலாற்றைச் சுட்டவேண்டும் இல்லையா, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்தான்.

நம் பையன் வைத்திருந்தது 4.2. "பதிப்பை மாத்தலாமா சார், இல்ல டேபிள்ல புதுசா ஒரு ஐ.டி. சேத்துறலாமா?" என்று கேட்டான். என்னைவிட அவனுக்குத்தான் தெரியும், இருந்தாலும் கேட்டான், வாத்தியார் என்ற மரியாதை. சொன்னேன்: அந்த டேட்டாபேஸை வேறு மென்பொருளும் தொடுகிறது என்றால் அட்டவணையில் கை வைக்காதே, பதிப்பை மாற்று. அட்டவணை உங்கள் கையில்தான் என்றால் ஐ.டி. சேர்த்துக்கொள். ஆனால் மாணவர் எண், ஆண்டு இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்ற பூட்டை மட்டும் கழற்றிவிடாதே. ஐ.டி. வந்துவிட்டதே என்று அதைக் கழற்றிவிட்டால், ஒரே பெண்ணுக்கு 2019க்கு இரண்டு மதிப்பெண் வரி ஏறும், இரண்டுக்கும் வேறு வேறு ஐ.டி. இருக்கும், கணினி வாயைத் திறக்காது. வேறு எந்தெந்த அட்டவணையில் இப்படி இருக்கிறது என்று கோப்பில் அந்த ஓரக்குறிப்பைத் தேடச் சொன்னேன். தேடினான். இன்னும் ஆறு இருந்தன. வருகைப் பதிவும் அதில் ஒன்று.

தப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். கருவி ஓரத்தில் எழுதி வைத்திருந்தது, படிக்காதது அவன். ஆனால் திறவுகோல் என்றதும் ஒரு பத்தியை மட்டும் தேடும் பழக்கத்தை அவனுக்குப் போட்டது நான். பிளஸ் டூவில் அவனோடு படித்த மற்றவர்களுக்கும் அதே பாடம்தான் போயிருக்கிறது. தயவுசெய்து உங்கள் நோட்டில் 'ஒரு பத்தி' என்பதை அடித்துவிட்டு, 'ஒரு பத்தி அல்லது பல பத்திகளின் சேர்க்கை' என்று எழுதிக்கொள்ளுங்கள். நோட்டை எடைக்குப் போட்டவர்கள் மனதில் எழுதிக்கொண்டால் போதும்.

இந்தத் திருத்தத்தை 84 வாங்கிய பதினேழுக்கும் போனில் சொன்னேன். அவனும் கணினி வேலையில்தான் இருக்கிறான். "சார், 31ஐ இன்னும் மறக்கலையா?" என்றான். அவன் அம்மா நன்றாக இருக்கிறாராம், கண் அறுவை முடிந்து வீட்டில் இருக்கிறாராம். அடுத்த வாரம் போய்ப் பார்க்கப்போகிறேன். 1991 ஒன்பதாம் வகுப்பு அ, ஆ பிரிவுகளின் குழுப் படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், அச்செடுத்து எடுத்துப் போகிறேன். போடும்போது எந்தப் பிரிவு என்று மறக்காமல் எழுதுங்கள்.